கட்ட வேண்டியது எந்தக் கை?

பிள்ளைச்சாவடியிலிருந்து கடற்கரைச் சாலை வழியே புதுவை நகருக்குச் செல்வோர், இடையே தமிழ்நாட்டு மண்ணைக் கடந்தே செல்கின்றனர். இன்று அதை எல்லையென எவரும் எண்ணுவதில்லை. பிரெஞ்சு ஆட்சி நாளிலோ அது எல்லை! 1949 ஏப்ரலில் சுங்க உறவு முறிந்தது. இந்திய அரசு சுங்க வேலி போட்டது. 1954-இல் அந்த வேலி மேலும் இறுகியது. அதே ஆண்டு அக்டோபர் 18-இல், கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்றனர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது.

பொருளாதார நெருக்குதலின் வலிமையை இந்த மண்ணுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வேலியின் முள், மாளிகைவாசியைத் தொடுமுன் கூலிக்காரன் காலைக் குத்தும் என்பதையும் இம்மண் அறியும்.

அந்த அறிவோடு ஈழத்தை நோக்குவோம். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது 2009 மே மாதம். இலங்கை மீது பொருளாதாரத் தடை வேண்டுமெனத் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது 2011 ஜூன் 8-இல். 2013 மார்ச் 27-இல் மீண்டும் வலியுறுத்தியது. தில்லி செவிசாய்க்கவில்லை. கோரிக்கை நியாயமானது, ஆனால் மாண்டவர் மீள்வாரா? படை புறப்படுமுன், "புறப்பட்டால் இன்னின்ன இழப்பாய்" என்று உரைத்தாலன்றோ தடை தடுக்கும்!

அரைமனத் தடையும் பயன்தராது. 1935-இல் எத்தியோப்பியா மீது முசோலினி பாய்ந்தான். உலகச் சங்கம் தடை விதித்தது. எண்ணெயை மட்டும் விட்டுவிட்டது! சூயஸ் கால்வாயும் திறந்தே கிடந்தது. 1936 மே மாதம் அடிஸ் அபாபா வீழ்ந்தது.

"தடை என்றால் இலங்கை சீனாவிடம் போய்விடும்" என்பர் தில்லி வித்தகர். தடை இல்லாமலே அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகையாகப் போயிற்றே, அது எப்படி? விடுதலைக்கு முன்பே, 1946-இல், இந்திய வழியினரை இழிவுபடுத்திய தென்னாப்பிரிக்காவோடு வாணிபத்தை முறித்த நாடன்றோ இது? அன்றிருந்த துணிவு இன்று எங்கே?

2025 ஜனவரி 28-இல், நெடுந்தீவு அருகே காரைக்கால் படகில் சென்ற மீனவர் மீது இலங்கைக் கடற்படையின் குண்டு பாய்ந்தது, ஐவர் காயமுற்றனர். தில்லி கண்டனம் தெரிவித்தது. கண்டனம் தோட்டாவைத் தடுக்குமா? யாழ்ப்பாணத்து மீனவருக்கு இழுவைமடியால் நேரும் இழப்பு உண்மை. அதைப் பேசித் தீர்க்க நாம் குறுக்கே நிற்கவில்லை. பேச வேண்டிய இடத்தில் துப்பாக்கி எதற்கு என்பதே நம் கேள்வி.

இலங்கைப் படையோடு 'மித்ர சக்தி' என்று கூட்டுப் பயிற்சி நடத்துகிறது இந்தியா. அதன் அதிகாரிகளுக்கு இங்கே பயிற்சியும் தந்திருக்கிறது. இனி ஒரு மீனவர் மீது குண்டு பாய்ந்தால், இனி ஒரு முறை தமிழர் மீது படை ஏவப்பட்டால், பயிற்சி நிற்கும், படைக்கலம் நிற்கும், படைக்கான உதவி நிற்கும் என்று இன்றே அறிவிக்கட்டும்! இதைத்தான் நாம் கேட்கிறோம்.

அரிசியைத் தடுக்கச் சொல்லவில்லை; மருந்தைத் தடுக்கச் சொல்லவில்லை. 2022-இல் இலங்கை பசியில் வாடியபோது, சிங்களர், தமிழர் என்று பாராமல் அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது தமிழ்நாடு. அந்தக் கை ஈந்துகொண்டே இருக்கட்டும். துப்பாக்கி விசையில் இருக்கும் கையைக் கட்டுங்கள்!