உங்களுக்குத் தெரியுமா? நடுவில் சேவ் செய்ய முடியாத ஐ.ஜி.ஐ.
இந்தியாவின் பிரவுசிங் சென்டர்களில், புதுச்சேரியிலும் தமிழகத்திலும்கூட, ஒரு தலைமுறைக்கே பழக்கமான துப்பாக்கி விளையாட்டு ‘புராஜெக்ட் ஐ.ஜி.ஐ.’ நார்வேயின் இன்னர்லூப் ஸ்டூடியோஸ் உருவாக்கியது. 2000 டிசம்பரில் வெளியானது. ஒருவர் மட்டுமே ஆடலாம். மொத்தம் 14 மிஷன்கள். நடுவில் சேவ் செய்ய வழியே இல்லை. வெளியேறும் இடத்துக்குப் பத்தடி முன்னால் குண்டு பட்டாலும் அந்த மிஷனை முதலிலிருந்தே தொடங்க வேண்டும். கேமராவில் சிக்கி அலாரம் அடித்தால் காவலர்கள் திரண்டு வருவார்கள். எனவே கணினி அறைக்குள் பதுங்கிப்போய் கேமராக்களை அணைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அக்கால விளையாட்டுகளில் அரிதான, இதில் வரும் பரந்த மலைவெளிக்கும் காரணம் உண்டு: அதே நிறுவனம் 1997-இல் வெளியிட்ட போர்விமான விளையாட்டின் நிரல்தான் இதற்கு அடித்தளம். 2003-இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான், அதுவும் அளவோடு, சேவ் வசதி கிடைத்தது.