வண்டிக்கு ஒரு அப்போ-பி

வேப்பூரில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தை கடலூர் மாவட்டம் தாண்டியும் பெயர் பெற்றது. தீபாவளியோ பக்ரீத்தோ நெருங்கினால் வெளியூர் வியாபாரிகள் விடிவதற்குள் வந்து இறங்கிவிடுவார்கள். அந்தப் பக்கத்தில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் ‘ரத்தத்தில் கொழுப்பு’ என்று டாக்டர் சொல்லிவிட்டால் வீட்டில் முதலில் நிற்பது ஆட்டுக்கறிதான். அடுத்து முட்டை. சோறு மட்டும் குறைவதில்லை. கறி இல்லாத குறைக்கு இன்னொரு கரண்டி கூடவே விழும். அந்தக் கரண்டிக்கும் இதில் பங்கு உண்டு. அதைப் புரிந்துகொள்ள, நம் லேப் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு புரதத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

கொலஸ்ட்ரால் இல்லாமல் உடல் இல்லை. ஒவ்வொரு செல்லின் உறைக்கும், பல ஹார்மோன்களுக்கும், செரிமானத்துக்கான பித்தநீருக்கும் அது வேண்டும். அதில் பெரும்பங்கை உடலே தயாரித்துக்கொள்கிறது. ஆனால் அது ரத்தத்தில் கரையாது. சுமந்து செல்ல ஆள் வேண்டும். அதற்காகக் கல்லீரல் செய்யும் புரதம்தான் அப்போ-பி. 4,536 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே நீண்ட இழை. மனித உடலின் மிகப் பெரிய புரதங்களில் ஒன்று. கொழுப்பைச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் இறங்குகிறது.

அப்போ-பி மேல் கொழுப்பை ஏற்ற முடியாத மரபுக் குறையோடு மிக அரிதாகச் சில குழந்தைகள் பிறக்கிறார்கள். அவர்கள் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு கிட்டத்தட்ட இருக்காது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கொழுப்போடு பயணிக்கும் வைட்டமின் ஈ நரம்புகளுக்குப் போய்ச் சேராது. சிகிச்சை இல்லாவிட்டால் நடையும் பார்வையும் கெடும். இந்தப் புரதம் நம் எதிரி அல்ல. அளவு மிஞ்சும்போதுதான் சிக்கல்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலம்–சேலம் சாலையும் சந்திக்கும் வேப்பூர் கூட்டு ரோட்டில் சற்று நேரம் நின்று பாருங்கள். நெரிசலைத் தீர்மானிப்பது எத்தனை லாரிகள் வருகின்றன என்பதுதான். உள்ளே எத்தனை மூட்டை என்பதல்ல. ரத்தத்திலும் இதே கணக்கு. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். துகள் ஒன்றுக்கு ஒரே ஒரு அப்போ-பி. அதை அளந்தால் வண்டிகளை எண்ணியதாகிவிடும். நாம் வழக்கமாக எடுக்கும் கொலஸ்ட்ரால் சோதனை எண்ணுவது மூட்டைகளை.

எண்ணிக்கை ஏன் முக்கியம்? இந்தத் துகள்கள் ரத்தக் குழாயின் உள்சுவருக்குள் நுழைந்து திரும்பக்கூடியவை. அப்போ-பியின் சில பகுதிகளில் நேர்மின்னூட்டம் உண்டு. சுவரில் உள்ள எதிர்மின்னூட்டம் கொண்ட மூலக்கூறுகளில் அது ஒட்டிக்கொண்டால் துகள் அங்கேயே தங்கிவிடுகிறது. வெள்ளணுக்கள் வந்து விழுங்குகின்றன, வீங்குகின்றன, மடிகின்றன. ஆண்டுக்கணக்கில் அந்த இடம் தடித்து, ஒருநாள் வெடித்து, மேலே ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. எத்தனை துகள்கள் மோதுகின்றனவோ அத்தனை வாய்ப்பு.

ரத்தத்திலிருந்து இவற்றை விலக்கும் வேலையும் முக்கியமாகக் கல்லீரலுடையதே. அதன் செல்களில் அப்போ-பியை அடையாளம் கண்டு உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உண்டு. இதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாட்டின் மாத்திரைகள் கல்லீரலின் சொந்தக் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கின்றன. கல்லீரல் பற்றாக்குறையைச் சமாளிக்க ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது.

இனி நம் விஷயம். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பகுதிகளில் ஐ.சி.எம்.ஆர். நடத்திய ‘இந்தியாப்’ ஆய்வின் ரத்தக் கொழுப்பு முடிவுகள் 2014இல் வெளியாயின. மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள் 13.9 சதவீதமே. டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு மிகுந்தவர்கள் 29.5 சதவீதம், நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைந்தவர்கள் 72.3 சதவீதம். இதுதான் நம்மவர்களின் வாகு. டிரைகிளிசரைடு ஏறும்போது எல்.டி.எல். துகளிலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேறி, துகள் சிறுத்துப்போகிறது. சிறிய வண்டிகள், ஆகவே அதே சரக்குக்குக் கூடுதல் வண்டிகள்.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 180, எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 260. வழக்கமான சூத்திரத்தில் எல்.டி.எல். 96 வரும். நூறுக்குக் கீழ்தானே என்று மடித்து வைத்துவிடுவோம். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள்: 148. அப்போ-பி சுமக்கும் எல்லா வகைத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடக்கம். வேறு நோய் இல்லாதவர்களுக்கே இது 130க்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல். காசு செலவில்லாத இந்தக் கழித்தலை ஒவ்வொரு லேப்பும் செய்து, தடித்த எழுத்தில் அச்சிட்டுத் தர வேண்டும் என்பது என் விருப்பம். அப்போ-பியையே நேரடியாக அளக்கும் சோதனையும் இருக்கிறது. சர்க்கரை நோயும் தொப்பையும் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

டிரைகிளிசரைடை ஏற்றுவதில் தீட்டிய அரிசிக்குப் பங்கு உண்டு. சென்னையில் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வில், தீட்டிய தானியம் மிகுதியாக உண்டவர்களிடம் டிரைகிளிசரைடு கூடியும் எச்.டி.எல். குறைந்தும் காணப்பட்டது. கறியை அளவாகச் சாப்பிடலாம். கொழுப்புத் துண்டையும் பொரித்த எண்ணெயையும் விடலாம். ஆனால் தட்டில் சோற்றைக் குறைக்காமல் கறியை மட்டும் விலக்குவது பாதி வைத்தியம்.

சாப்பாட்டுக்கு அசையாத வகை ஒன்றும் உண்டு. அப்போ-பியோடு இன்னொரு புரதம் கோத்துக்கொண்ட துகள் அது. லிப்போபுரோட்டீன்-ஏ என்று பெயர். 1963இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டறிந்தார். அதன் அளவைப் பெரும்பாலும் பிறப்பிலேயே மரபணு முடிவு செய்துவிடுகிறது. இந்தியர்களில் நான்கில் ஒருவருக்கு இது டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுகிறது என்று அதே வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது. ஆயுளில் ஒருமுறை அளந்தால் போதும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், பிள்ளைகளும் தம்பி தங்கைகளும் அந்த ஒருமுறையைத் தள்ளிப்போட வேண்டாம். அது கூடுதலாக இருந்தால், இளவயதிலேயே புகையை விட்டு, ரத்த அழுத்தத்தையும் மற்ற அப்போ-பி துகள்களையும் தாழ்த்தி வைக்க இன்றே மருந்தும் வழியும் இருக்கின்றன.