வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வாங்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை மாலை. பெசன்ட் நகர் கடற்கரை. சுண்டல்காரர் ஒரு பக்கம், பஜ்ஜிக் கடை ஒரு பக்கம். நடுவே ஒரு பலகை. அதில் வரிசை வரிசையாகப் பலூன்கள். சிவப்பு, மஞ்சள், நீலம்!

சேலையூரில் இருந்து வந்த ஒரு குடும்பம் அங்கே நின்றது. அப்பா, அம்மா, 13 வயது மகள். மகள் துப்பாக்கியை வாங்கினாள். கட்டையைத் தோளில் வைத்தாள். கன்னத்தை ஒட்டினாள்.

"டப்!"

பலூன் வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. பத்துக்கு எட்டு!

கடைக்காரருக்கே ஆச்சரியம். அப்பாவுக்குத் தலை கால் புரியவில்லை. மறுநாள் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் என் பழைய நண்பர்.

"அண்ணே, பாப்பாவுக்கு ஒரு துப்பாக்கி வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். எது நல்லது? சொல்லுங்கள்" என்றார்.

"வீட்டில் அவர்கள் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

"அவள் சம்மதிக்கவில்லை. 'துப்பாக்கி வீட்டுக்குள் வந்தால் நான் வெளியே போய்விடுவேன்' என்கிறாள்" என்றார்.

அந்த அம்மாள் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மகளின் ஆசையிலும் நியாயம் இருக்கிறது. விஷயத்தைத் தெரிந்துகொண்டால் இரண்டுக்கும் வழி உண்டு.

எத்தனை வகை?

குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் சிறிய துப்பாக்கிகள் இரண்டு வகை.

ஒன்று, காற்றுத் துப்பாக்கி. ஏர் ரைபிள் என்பார்கள். இதில் மருந்து கிடையாது. நெருப்பு கிடையாது. அமுக்கி வைத்த காற்று, சின்ன ஈய ரவையைத் தள்ளிவிடுகிறது. குழலின் வாய் 4.5 மில்லி மீட்டர். கடைகளில் இதை 'பாயிண்ட் 177' என்று சொல்வார்கள். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டு, அதில் 177 பங்கு. அவ்வளவுதான் கணக்கு.

இன்னொன்று, 'பாயிண்ட் 22' ரைபிள். ஓர் அங்குலத்தில் நூறில் 22 பங்கு. அதாவது 5.6 மில்லி மீட்டர். இதில் மருந்து உண்டு. தோட்டா உண்டு. இப்போது உலகம் முழுவதும் ஓடுகிற பாயிண்ட் 22 தோட்டா, 1887-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தது.

"ஒரு மில்லி மீட்டர்தானே வித்தியாசம்?" என்று நண்பர் கேட்டார்.

அங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். போட்டிக்கான காற்றுத் துப்பாக்கியின் ரவை அரை கிராம் எடை. பாயிண்ட் 22 தோட்டாவின் குண்டு இரண்டரை கிராமுக்கு மேல். அதன் வேகமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடையும் வேகமும் சேரும்போது, அதன் பலம் காற்றுத் துப்பாக்கியைப் போல பதினைந்து மடங்குக்கு மேல் போய்விடுகிறது!

தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள். இந்தக் குண்டு ஒன்றரை மைல் வரை போகக்கூடும் என்று. தாம்பரம் ஸ்டேஷனில் நின்று மேலே பார்த்துச் சுட்டால், அது சானடோரியம் பக்கம் யார் தலையில் விழும் என்று யாருக்குத் தெரியும்?

நார்த்தாமலை சம்பவம்

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2021-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை. பாதுகாப்புப் படையினர் சுடும் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். பயிற்சி மைதானத்துக்கு வெகு தூரத்தில், ஒரு வீட்டில் 11 வயதுச் சிறுவன் இருந்தான். பாய்ந்து வந்த குண்டு அவன் தலையில் பட்டது. சில நாட்களில் அவன் இறந்துபோனான்.

அங்கே சுட்டது பெரிய துப்பாக்கி. பழகியவர்கள் கையில் இருந்த துப்பாக்கி. மைதானமும் அதற்கென்றே ஏற்பட்டது. அப்படியிருந்தும் ஒரு பிள்ளை போய்விட்டான். மாடிக்கு மாடி துணி உலர்த்துகிற நம் புறநகரில், மொட்டை மாடியில் நின்று பாயிண்ட் 22 சுடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

காற்றுத் துப்பாக்கியும் பொம்மை அல்ல. அதன் ரவை கண்ணில் பட்டால் கண் போய்விடும். சுவரிலோ இரும்பிலோ பட்டால் சுட்டவரையே திரும்பி வந்து அடிக்கும். சுடும்போது கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அதற்காகத்தான்.

லைசென்சு வேண்டுமா?

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் பாயிண்ட் 177-க்கு மேல் போகாமலும், பலம் 20 ஜூலுக்கு மேல் போகாமலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்சு தேவையில்லை. இரண்டில் எதைத் தாண்டினாலும் லைசென்சு வேண்டும். விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாம் சரியாக இருக்கும் சார்" என்ற வாய்வார்த்தை போலீஸ் நிலையத்தில் உதவாது.

பாயிண்ட் 22-க்கு லைசென்சு இல்லாமல் முடியாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தத் துப்பாக்கியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மத்திய அரசு அங்கீகரித்த ரைபிள் கிளப்பில் உறுப்பினராக இருந்து, குறி பார்த்துப் பழகுவதற்காகக் கேட்டால், அதற்கு லைசென்சு வழங்க வழி செய்திருக்கிறது. முதலில் கிளப். பிறகுதான் துப்பாக்கி! போலீஸ் விசாரணையும் உண்டு. லைசென்சுக்கு வயது 21 ஆக வேண்டும். தாம்பரத்துக்கு 2022 ஜனவரியில் தனி போலீஸ் கமிஷனர் வந்துவிட்டதால், இப்பகுதியில் உள்ளவர்கள் அவருடைய அலுவலகத்தைத்தான் அணுக வேண்டும்.

எந்தக் கண் எஜமான்?

நண்பர் பொறுமை இழந்துவிட்டார். "அப்படியானால் காற்றுத் துப்பாக்கிதான். எந்தக் கம்பெனி?" என்றார்.

கம்பெனி கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, பாப்பாவின் எந்தக் கண் எஜமான்?

ஆம்! கையில் வலது, இடது இருப்பதுபோல் கண்ணிலும் உண்டு. நீங்களும் இப்போதே பார்க்கலாம். கையை நீட்டுங்கள். கட்டை விரலைத் தூக்குங்கள். இரண்டு கண்ணையும் திறந்தபடி, எதிரே உள்ள கடிகாரத்தை விரலால் மறையுங்கள். இப்போது இடது கண்ணை மூடுங்கள். விரல் அங்கேயே நின்றால், வலது கண் எஜமான். விரல் தாவி நகர்ந்தால், இடது கண் எஜமான்.

வலது கைப் பழக்கம் உள்ள சிலருக்கு இடது கண் எஜமானாக இருக்கும். அது தெரியாமல் வலது கைத் துப்பாக்கியை வாங்கிவிட்டு, "குறி தவறுகிறதே" என்று துப்பாக்கியைத் திட்டுவார்கள்.

அடுத்தது எடை. போட்டி ஏர் ரைபிள் ஐந்தரை கிலோ வரை இருக்கலாம். அரிசிப் பையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பது போல! வளர்கிற பிள்ளைக்கு எடை குறைந்ததும், கட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடியதும் நல்லது. பிஸ்டல் லேசானது. ஒன்றரை கிலோவுக்கு மேல் கூடாது என்பது போட்டி விதி. ஆனால் ஒரே கையில் நீட்டிச் சுட வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ரைபிள்தான் எளிது என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது, காற்று எப்படி அமுங்குகிறது என்பது. பலூன் கடைத் துப்பாக்கியில் குழலை ஒடித்து மடக்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது. விலை குறைவு. ஆனால் வில் விரியும்போது துப்பாக்கி குலுங்கும். போட்டித் துப்பாக்கியில் சிறிய சிலிண்டரில் காற்றை அடைத்து வைத்திருக்கிறார்கள். குலுங்காது. விலையோ லட்சக்கணக்கில். ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளில் செய்து வருகிறவை அவை. முதல் நாளே அதை வாங்குவது, சைக்கிள் பழகப் போய் கார் வாங்குவது போல.

ரவையிலும் விஷயம் இருக்கிறது. தலை தட்டையாக உள்ள ரவைதான் காகித அட்டையில் வட்டமாக ஓட்டை போடும். மதிப்பெண் பார்க்க வசதி. அது ஈயம் என்பதை மறக்கக் கூடாது. சுட்டு முடித்தவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கை எடுத்து வாயில் போடக் கூடாது.

பேனா முள் அளவு!

ஒலிம்பிக் போட்டியில் ஏர் ரைபிள் தூரம் 10 மீட்டர். நம் மின்சார ரெயில் பெட்டியில் பாதி நீளம். "இவ்வளவுதானா?" என்பீர்கள். அட்டையின் நடுவில் பத்து மதிப்பெண் பெறும் புள்ளி எவ்வளவு தெரியுமா? அரை மில்லி மீட்டர்! பேனா முள் வைத்த இடம். அதை நோக்கி 60 முறை சுட வேண்டும்.

அந்தப் புள்ளியில்தான் 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-ல் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் அதே ஏர் ரைபிளில்தான். நடிகர் அஜீத் 2021-ல் மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வாங்கிய பிறகு, சென்னை ரைபிள் கிளப்பை விசாரிக்காத வாலிபர்கள் குறைவு.

வேடந்தாங்கலில் என்ன நடந்தது?

காற்றுத் துப்பாக்கி கைக்கு வந்தவுடன் பிள்ளைகளின் கண் எங்கே போகும்? மரத்துக்குத்தான். காக்கை, மைனா, கொக்கு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்த வழக்கு இருநூறு வருடப் பழசு. 1790-களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரிக்கு வந்து நாரைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர்க்காரர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் அவர்கள் வயலுக்கு உரம். செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேசிடம் போய் முறையிட்டார்கள். அவரும் சுடக்கூடாது என்று உத்தரவு போட்டுக் கொடுத்தார். துப்பாக்கி வைத்திருந்தவர்களை, மண்வெட்டி வைத்திருந்தவர்கள் ஜெயித்தார்கள்!

இன்று காட்டுப் பறவைகளை வேட்டையாடுவது 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்சு இல்லை என்பது, பறவையைச் சுட லைசென்சு ஆகாது.

கதை எப்படி முடிந்தது?

நண்பர் துப்பாக்கி வாங்கவில்லை. மகளைப் பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்த்தார். அங்கே துப்பாக்கியை அவர்களே கொடுக்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு அதுதான் நிம்மதி.

முதல் வாரம் பாப்பாவுக்கு ரவையே கொடுக்கவில்லையாம். குழலை எப்போதும் அட்டைப் பக்கமே வைப்பது, விசையில் விரலை வைக்காமல் இருப்பது, நிற்பது, மூச்சு விடுவது... இவ்வளவுதான் பாடம். கண் சோதனையும் செய்தார்கள். வலது கையால் எழுதும் அவளுக்கு எஜமான் இடது கண்! கடற்கரையில் எட்டு பலூன் உடைத்தது தப்பான கண்ணால்.

இப்போது இடது தோளில் வைத்துப் பழகுகிறாள். அட்டையின் ஓரத்தில்தான் ஓட்டை விழுகிறது. நண்பர் அந்த அட்டைகளை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார். போன வாரம் ஒன்றில் ஒன்பது விழுந்திருந்தது. அதை அம்மாதான் பூஜை அறைக் கதவில் ஒட்டினாராம்.