தோல் உரியும் நாட்கள்

விடுமுறையில் சாட்டிக் கடற்கரைக்குப் போனோம். ராத்தா மட்டும் வேனை விட்டு இறங்கவில்லை. பருத் தழும்புக்காக 10 நாட்களுக்கு முன் 'கெமிக்கல் பீல்' செய்திருந்தார். அவருக்குத் துணையாகப் போய் நான் அறிந்துகொண்டதைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் எழுதுகிறேன்.

கிளைக்கோலிக், சலிசிலிக் போன்ற அமிலங்கள் மேற்றோலின் இறந்த கலங்களுக்கிடையே உள்ள பிடிப்பைத் தளர்த்துகின்றன. பூசியதும் சில நிமிடங்கள் எரியும். பின்னர் முகம் சிவந்து இறுகும். 2, 3 நாட்களில் உரியத் தொடங்கி, ஒரு வாரமளவில் ஓயும். உரியும் தோலைக் கையால் இழுக்கக் கூடாது. வுளூச் செய்யும்போதும் அழுத்தித் தேய்க்கக் கூடாது. புதிய தோலுக்கு வெயில் ஆகாது. எம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு முன்பைவிடக் கருமை படியலாம். அதனால் சில வாரங்களுக்கு சன்கிரீமும் நிழலும் அவசியம். பெரும்பாலும் ஒரு தடவை போதாது. ஆழமான குழிகள் இதனால் மட்டும் மறையா. அமிலத்தை வாங்கி வீட்டில் பூசினால் முகம் வெந்துவிடலாம். தோல் வைத்திய நிபுணரிடமே செல்ல வேண்டும்.

"பிள்ளை வெள்ளையாகுமா, டொக்டர்?" என்று உம்மா கேட்டார். கலியாணப் பேச்சு நடக்கும் நேரம் அது.

"தழும்பு மங்கும். பிறந்த நிறம் மாறாது," என்றார் வைத்தியர்.

உம்மா ஒன்றும் பேசவில்லை. சாட்டியில் வெயில் தாழ்ந்ததும் அவரே குடையை விரித்து, ராத்தாவைக் கைபிடித்து இறக்கினார்.