ஜெயிச்சா மாட்டிக்கிட்டீங்க!

உள்ளே என்ன இருக்குன்னே தெரியாத ஒரு பையை ஏலம் விடுறாங்க. எவ்வளவு வரைக்கும் கேட்பீங்க? 'எனக்கென்ன பைத்தியமா'ன்னு சிரிக்காதீங்க. நம்ம தூத்துக்குடி கடற்கரையில் பெரிய பெரிய வியாபாரிகளே இதைத்தான் செஞ்சாங்க!

தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னைக்காயல், 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்களின் முத்துக்குளித்துறையில் முக்கியமான ஊர். அப்புறம் வெள்ளைக்காரங்க ஆட்சி. படகு கரைக்கு வந்ததும் சிப்பிகளை எண்ணிப் பிரிப்பாங்க. மூச்சைப் பிடிச்சுக் குளிச்சவங்களுக்கு மூணில் ஒரு பங்கு. மிச்சம் அரசாங்கத்துக்கு. அதை ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. சிப்பியைத் திறக்காமலே!

இங்கேதான் கேம் தியரி வருது. ஒரு பாட்டிலில் 100 ரூபாய்க்குச் சில்லறை இருக்குன்னு வெச்சுக்கங்க. அஞ்சு பேர் 70, 90, 100, 110, 130-ன்னு மதிப்புப் போடுறாங்க. சராசரி கரெக்டா 100. ஆனா ஏலம் யாருக்கு? 130 போட்ட மகராசனுக்கு! 110-காரர் விலகினதும் 111-க்கு எடுத்தாலும், 11 ரூபாய் அவுட். அதிகமா தப்புக் கணக்குப் போட்டவர்தான் ஜெயிக்கிறார். இதுக்குப் பேரு 'ஜெயிச்சவன் சாபம்'. 1971-ல் இதைச் சொன்னது பொருளாதார மேதைங்க இல்லை. கடலில் எண்ணெய் வயல் ஏலம் எடுத்து நொந்த கம்பெனிகளைப் பார்த்த மூணு இன்ஜினியர்கள். நம்ம ஆளுங்க!

மருந்து என்ன? ஏலத்துக்கு முன்னாடியே, 'நான் ஜெயிச்சா, மத்தவங்க எல்லாரும் இதைக் குறைவா மதிச்சிருக்காங்கன்னு அர்த்தம்'னு யோசிச்சுக் கணக்கைக் குறைக்கணும். போட்டியாளர் கூடக் கூட இன்னும் உஷார்.

விக்கிறவருக்கும் ஒரு டிப்ஸ் உண்டு. முத்துக்குளிப்புக்கு முன்னாடி கொஞ்சம் சிப்பியை எடுத்துத் திறந்து, முத்தை மதிப்புப் போட்டு அரசாங்கமே வெளியிடும். இப்படி விஷயத்தை வெளிப்படையா சொன்னா வாங்குறவர் பயம் குறையும், சராசரியா விலையும் ஏறும்னு பால் மில்குரோம் கணக்குப் போட்டுக் காட்டினார். அவருக்கும் அவர் குரு ராபர்ட் வில்சனுக்கும் 2020-ல் நோபல் பரிசு.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓட முடிஞ்சுபோச்சு. சாபம் முடியலை. சீனியரோட பழைய பைக்குக்கு நாலு பேர் போட்டி போட, 'விடாதடா'ன்னு பக்கத்தில் ஒருத்தன் ஏத்திவிட, கடைசியில் பைக் உங்க கையில்! அந்த நிமிஷம் கத்திக் கொண்டாடாதீங்க. 'மத்த மூணு பேர் ஏன் விட்டாங்க?'ன்னு ஏலத்துக்கு முன்னாடியே ஒரு தடவை கேட்டுக்கங்க.

அனுபவம் பேசுது பாஸ். கார்புரேட்டர் மட்டும் ரெண்டு தடவை மாத்தியாச்சு!