ஊர் அணைத்த தீ – 9: சந்திரபானுவின் கயிறு

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில் தீயணைப்பு வெகுகாலம் தண்ணீர் வேலையாக இல்லை, கூரை வேலையாகவே இருந்தது. கீற்று வேய்ந்த வீடு பற்றிக்கொண்டால் அந்த வீட்டைக் காப்பாற்ற யாரும் மெனக்கெட மாட்டார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்து வீட்டுக் கூரையைத் துறட்டி போட்டு இழுத்துத் தள்ளுவார்கள். நாலு பேர் கூரையைப் பிரிப்பார்கள். நாலு பேர் ஈரச் சாக்கோடு நின்று, பறந்து வரும் பொறியை அடித்து அணைப்பார்கள். கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் அந்தச் சாக்கை நனைக்கத்தான். கிணற்றிலிருந்து வாளியைக் கைக்குக் கை மாற்றும் வாளி வரிசை, கிணற்றடி ஒழுங்கு எல்லாம் முன் இதழ்களில் வந்துவிட்டன.

ஓடு போட்டிருந்தால் இந்தத் தொல்லையில் பாதி தீர்ந்திருக்கும். ஆனால் அன்றைய மலையாள நாட்டில் கையில் காசு இருந்தால் மட்டும் ஓடு போட்டுவிட முடியாது. ஓடு கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரியது. மற்றவர் போட அரசரின் அனுமதி வேண்டும். போர்த்துகீசிய வைஸ்ராய் பிரான்சிஸ்கோ டி அல்மெய்தாவே கொச்சி அரசரிடம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் 1506இல் மரக்கட்டடங்களைக் கல்லும் சுண்ணாம்புமாக மாற்றத் தொடங்கினார். இன்று புனித பிரான்சிஸ் தேவாலயம் என்று அறியப்படும் கட்டடம் அப்படி எழுந்து, ஓட்டுக் கூரையோடு 1516இல் முடிந்தது. சாதாரண ஜனங்களின் தலைக்கு மேல் ஓடு வர இன்னும் மூன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகே ஓடு மலிந்தது. கேரளத் தீயணைப்பு வரலாற்றில் முதல் நாற்காலியை எந்தப் பம்புக்கும் தர வேண்டாம், மங்களூர் ஓட்டுக்குத் தரலாம்.

பம்பின் கதைக்கு டச்சுக்காரர்களிடம் போக வேண்டும். 1663இல் அவர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். அதே சமயம் அவர்களுடைய ஆம்ஸ்டர்டாமில் யான் வான் டெர் ஹெய்டன் என்ற இளம் ஓவியர் இருந்தார். சுவரில் செங்கற்களை எண்ணிவிடலாம் என்னும்படி வீடுகளை வரைபவர். பதினைந்து வயதில், 1652இல், நகர மன்றக் கட்டடம் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். 1672இல் அவரும் சகோதரர் நிக்கோலாஸும் தோலைத் தைத்து நீண்ட குழாயாக்கிப் பம்போடு இணைத்தார்கள். அதுவரை பம்பின் உச்சியில் விறைத்த மூக்கு ஒன்றுதான் இருந்தது. தெருவில் நின்றபடி சுவர்மேல் தண்ணீரை விசிறலாம், அவ்வளவே. தோல்குழாய் வந்ததும் ஆள் அதைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறித் தீயின் அடிக்கே போக முடிந்தது. 1690இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு படம் உண்டு: எரியும் வீட்டை மேலிருந்து கீழே அறுத்துப் பிளந்தது போலக் காட்டி, ஒவ்வொரு மாடியிலும் குழாயோடு நிற்கும் ஆட்களை வரைந்திருக்கிறார். ஆம்ஸ்டர்டாமின் தெருவிளக்குத் திட்டமும் அவருடையதுதான். குழாயைப் பிடித்தவர்கள் சம்பளப் படையினர் அல்லர், ஊர்க்காரர்கள். தன்னார்வத் தீயணைப்பின் வரலாறு எந்த நாட்டில் எழுதப்பட்டாலும் இந்த ஓவியரைத் தாண்டிப் போக முடியாது.

இனி, தலைப்பில் வரும் கப்பல்.

1889 ஜனவரி 4 அன்று கொச்சிக் கோட்டைக் கரையில், வால்கார்ட் பிரதர்ஸ் நிறுவனத்தின் இடத்தை ஒட்டி நின்ற ‘சந்திரபானு’ என்ற கப்பலில் தீப்பிடித்தது. கரைக்குத் தாவிவிடக் கூடாதே என்று கட்டுக்கயிற்றை அறுத்துவிட்டார்கள். கப்பல் கடலுக்குப் போகவில்லை. எரிந்துகொண்டே கரையோரமாக மிதந்து, ஒதுங்கிய இடங்களிலெல்லாம் தீயை இறக்கிவைத்தது. சுமார் 300 வீடுகளும் வணிக நிறுவனங்களின் பாண்டிகசாலைகளும் (சரக்குக் கிடங்குகளும்) எரிந்தன.

கயிற்றை அறுத்தவர்களைப் பழிப்பது எளிது. துறையில் நிற்கும் கப்பல் எரிந்தால் அதைக் கரையிலிருந்து பிரிப்பதுதான் எல்லாத் துறைமுகங்களிலும் முதல் யோசனை. யோசனையில் தவறில்லை, இழுத்துப் போக ஆள் வேண்டும். இழுவைப் படகில் கட்டாமல், அடியில் துளையிட்டு மூழ்கடிக்காமல் விட்டால் கப்பல் காற்றுக்கும் ஓதத்துக்கும் சொந்தமாகிவிடும். கொச்சி முகத்துவாரத்தில் ஓதம் ஏறும்போது கடல் உள்ளே வரும். ஜனவரிப் பிற்பகலில் கடற்காற்றும் கரையை நோக்கியே அடிக்கும். வள்ளக்காரர்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. எரியும் கப்பலின் முன்னால் நின்று ஓதத்தைக் கணக்குப் போட நேரம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

கரையில் இருந்த சரக்கும் தீக்குத் தோதானது. கயிற்று நார்ப் பொதி மேலே அணைந்தது போலத் தெரியும்; உள்ளே கங்கு மணிக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். பொதியின் கட்டை வெட்டி, நாரைக் கையால் பிய்த்துப் பரப்பி, ஒவ்வொரு கற்றையாக நனைக்க வேண்டும். ஈரப்பதத்தோடு குவித்த கொப்பரை தானாகவே சூடேறும் குணமுள்ளது. எரியும் தேங்காயெண்ணெயில் வாளித் தண்ணீரைக் கொட்டினால் எண்ணெய் அதன்மேல் மிதந்து எரிந்தபடி அடுத்த அறைக்கு ஓடும். வாளி வரிசை கூரைத் தீக்கு ஏற்பட்ட வித்தை. பாண்டிகசாலைத் தீக்கு மண்ணும் ஈரச் சாக்கும் சரக்கின் சுபாவம் தெரிந்த சுமட்டுத் தொழிலாளிகளும் வேண்டும்.

இதில் சர்க்கார் சிக்கலும் இருந்தது. கோட்டைப் பகுதி பிரிட்டிஷ் கொச்சி. சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது, 1866 முதல் நகராட்சி. ஒட்டிக் கிடக்கும் மட்டாஞ்சேரியோ கொச்சி ராஜாவின் சமஸ்தானம். நடந்து போகிற தூரத்தில் இரண்டு சட்டம், இரண்டு கஜானா. மாகாணத் தலைநகரான சென்னையில் தீயணைப்புத் துறை தொடங்கியதே 1908இல்தான்.

1890இல் இந்தத் தீக்கு ஒரு நினைவுத் தூண் நட்டார்கள். 1666ஆம் ஆண்டுத் தீக்கு லண்டனில் 202 அடித் தூண் நிற்கிறது. கொச்சியுடையது அதற்கு ரொம்பச் சின்னத் தம்பி. பினாலே கலைக் கண்காட்சிக்காக ஆஸ்பின்வால் மாளிகைக்கு வருகிறவர்களில் பலர் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

கொச்சியில் அறுத்துவிட்ட கப்பல் ஊரை எரித்தது. பம்பாயில் அறுக்காமல் விட்ட கப்பல் வெடித்தது. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ கப்பலில் பருத்திப் பொதிகளும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் ஒன்றாக இருந்தன. பருத்தியில் தீப்பிடித்தது, வெளியே இழுப்பதா, மூழ்கடிப்பதா என்று முடிவாகவில்லை, தீயணைப்பவர்கள் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். மாலை 4 மணியைச் சற்றுத் தாண்டிக் கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அதனால்தான் ஏப்ரல் 14 தேசியத் தீயணைப்புச் சேவை நாள். தமிழ்ப் புத்தாண்டும், பல ஆண்டுகளில் விஷுவும் அதே நாளில் வருவதால், அப்போதெல்லாம் மட்டாஞ்சேரியில் கணி காணும் காலையிலேயே தீயணைப்பு நிலையத்தில் அஞ்சலியும் நடக்கிறது.

கேரளத்தில் தீயணைப்புக்கென்று தனிச் சட்டம் 1962இல் வந்தது. அடுத்த ஆண்டே தனித் துறையாயிற்று. தீ என்றால் 101ஐ அழைப்பது என்ற பழக்கம் வேரூன்ற, துறட்டி பரணுக்குப் போயிற்று. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சரக்கு இறக்கும் நேரத்தில் பெரிய வண்டி நுழைவது பெரும்பாடு. கையில் தூக்கிப் போகிற பம்பும், எந்தச் சந்து எங்கே முட்டும் என்று தெரிந்த உள்ளூர்க்காரரும்தான் அங்கே முதலில் உதவுகிறார்கள்.

அந்த உள்ளூர்க்காரரைச் சர்க்கார் கணக்கில் சேர்த்தது 2018 வெள்ளத்துக்குப் பிறகு. சிவில் டிஃபென்ஸ் திட்டத்தில் மாநிலத்தில் அப்போதிருந்த 124 தீயணைப்பு நிலையங்களுக்கும் தலா 50 பேர், மொத்தம் 6,200 தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது, பயிற்சி உண்டு. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு எரிந்தபோது, சுமார் பன்னிரண்டு நாள் அங்கே நடந்ததும் பழைய நார்ப்பொதி வைத்தியம்தான்: ஜேசிபியால் மேட்டைக் கிளறுவது, உள்ளே கனலும் இடத்தை நனைப்பது, மறுபடி கிளறுவது.

மட்டாஞ்சேரி நிலையத்துக்குரிய ஐம்பது பேரின் பயிற்சி இந்த இதழில் வருவதாக இருந்தது. கப்பல் பக்கங்களைத் தின்றுவிட்டதால் அது அடுத்த வாரத்துக்குப் போகிறது. கூடவே, சிலியின் வால்பரைசோ துறைமுகமும் வரும். 1851 முதல் இன்றுவரை அந்த ஊர்த் தீயைச் சம்பளமில்லாதவர்கள்தான் அணைக்கிறார்கள். ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் என்று குடியேறிய ஒவ்வொரு கூட்டமும் தனக்கென்று ஒரு படை வைத்துக்கொண்டது.