தாமான் வரை வந்த ஃபைபர், தோட்டத்துக்கு எப்போது?

பட்டணத்துத் தாமான்களில் ஃபைபர் இணையம் வந்துவிட்டது. பல தோட்டங்களில் பிள்ளைகள் இன்னும் கைப்பேசி டேட்டாவையே நம்பியிருக்கிறார்கள். ஏன்?

தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் ஒரே கண்ணாடி இழை, மின்சாரம் தேவைப்படாத சிறு பெட்டியில் பிரிந்து, சுமார் 32 வீடுகளுக்குச் செல்கிறது. ஜிபான் முறையில் அவ்வீடுகள் விநாடிக்கு 2.5 கிகாபிட் வேகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அடுத்த தலைமுறையான எக்ஸ்ஜிஎஸ்-பான் 10 கிகாபிட் தரும். 50 கிகாபிட் தரத்துக்கும் 2021இல் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒப்புதல் அளித்துவிட்டது. இவற்றுக்காக மீண்டும் மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. இரு முனைகளிலும் கருவிகளை மாற்றினால் போதும்.

ஆக, பெருஞ்செலவு முதன்முறை இழை போடுவதில்தான். தாமானில் அச்செலவு பல வீடுகளுக்குப் பங்காகிறது. தோட்டத்திலோ சில லயங்களுக்காக நெடுந்தூரம் இழுக்க வேண்டும். தனியார் நிலம் என்பதால் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

2020இல் தொடங்கிய ஜெண்டேலா திட்டத்தின் முதல் கட்ட இலக்கு, 2022 இறுதிக்குள் 75 லட்சம் வீடுகள், கடைகளின் அருகே இழையைக் கொண்டுசெல்வது. அருகே வருவது வேறு, வாசலுக்கு வருவது வேறு.

தோட்ட மக்கள் தனித்தனியாகக் கேட்பதைவிட, வீடுகளின் எண்ணிக்கையைக் குறித்து, நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்தோடு கூட்டாக விண்ணப்பிப்பதே நல்லது. ஒருமுறை வந்துவிட்டால், அந்த இழை பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் உதவும்.